வலி எவ்வளவு என்று நோயாளியே சொல்லட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வலி எப்படி இருக்கிறது என்று தாதி கேட்டால் நம் மூத்தோர் பலர் சொல்லும் பதில், "பரவாயில்லைம்மா." அவர்கள் வாய் திறப்பதற்குள் கட்டிலருகே நிற்கும் மகனோ மகளோ, "ரெண்டு மூணு இருக்கும், அம்மா தாங்கிக்குவாங்க" என்று முந்திக்கொள்வதும் உண்டு. இரண்டுமே நல்ல மனத்தோடு சொல்லப்படுபவைதான். ஆனால் இவற்றால் நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய மருந்து கிடைக்காமல் போகிறது. சிங்கப்பூர் மருத்துவமனை வார்டுகளில் வேலை செய்யும் தாதியர் என்ற முறையில் இதைத் தமிழ் வாசகர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

பூஜ்யம் முதல் 10 வரை ஓர் எண் கேட்கிறோம். பூஜ்யம் என்றால் வலியே இல்லை. 10 என்றால் இதைவிட மோசமான வலியை நினைத்தே பார்க்க முடியாது. பொதுவாக 1 முதல் 3 வரை லேசானது, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் 10 வரை கடுமை. பக்கத்துக் கட்டில்காரர் இதே அறுவை சிகிச்சைக்கு 3 என்று சொன்னாரே, நாம் 7 என்றால் என்ன நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். உங்கள் எண்ணை உங்களுடைய முந்தைய எண்ணோடு மட்டும்தான் ஒப்பிடுகிறோம். 7 என்றவர் மருந்துக்குப் பிறகு 3 என்றால் மருந்து வேலை செய்கிறது. 6 என்றால் அளவையோ மருந்தையோ மாற்றச் சொல்லி மருத்துவரை அழைக்கிறோம். வாய்வழி மாத்திரை என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலும், ரத்தக்குழாய் வழி ஊசி என்றால் 15 முதல் 30 நிமிடத்துக்குள்ளும் திரும்பி வந்து கேட்க வேண்டும். வேலை நெருக்கடியில் இந்த இரண்டாவது கேள்விதான் அடிக்கடி விட்டுப்போகிறது. அப்படி விட்டுப்போனால் தயங்காமல் மணியை அழுத்திக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. மருந்து அட்டவணையில் சில வலி மருந்துகள் நேரப்படி எழுதப்பட்டிருக்கும். சில "தேவைப்பட்டால் மட்டும்" என்று எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது வகை தானாக வராது. வலி இருப்பதாக நோயாளி சொன்னால்தான் தாதி அதை எடுத்துத் தர முடியும். "பரவாயில்லை" என்றவருக்கு அந்த மருந்து நாள் முழுக்க அட்டவணையிலேயே இருந்துவிடும்.

படுத்திருக்கும்போது கேட்கும் எண்ணை மட்டும் நம்பினால் தாதியும் ஏமாந்துபோவார். வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அசையாமல் கிடக்கும்போது 2 என்பார். "நல்லா மூச்சை இழுத்து ஒரு தடவை இருமுங்க" என்றால் முகம் சுருங்கும், கை வயிற்றுக்குப் போகும், இருமல் பாதியில் நின்றுவிடும். அப்போது கேட்டால் 8. இந்த 8ஐத்தான் நாங்கள் தேடுகிறோம். வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சுவிடாதவருக்கு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்குகிறது, சளி தேங்குகிறது, காய்ச்சல் வருகிறது, நிமோனியாவில் போய் முடியலாம். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட மூத்தோர் எழுந்து நடக்காவிட்டால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறையலாம், முதுகில் படுக்கைப்புண் வரலாம். பொறுமையாக இருந்து வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம் என்று நினைப்பவர்கள்தான் கூடுதல் நாள் தங்க நேர்கிறது. ஆகவே உட்காரும்போது, இருமும்போது, கழிவறைக்கு நடக்கும்போது எவ்வளவு என்று சொல்லுங்கள். மாத்திரை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். உடற்பயிற்சி தரும் ஃபிசியோ 10 மணிக்கு வருவார் என்றால் 9 மணி வாக்கிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு இரு கைகளாலும் அணைத்துப் பிடித்தால் தையல் இழுபடுவது நன்றாகவே குறையும்.

எண்ணோடு வேலை முடிவதில்லை. எங்கே வலிக்கிறது, எங்கே பரவுகிறது, எப்போது தொடங்கியது, எது செய்தால் கூடுகிறது, எதனால் தணிகிறது, எந்த மாதிரி வலி என்றெல்லாம் கேட்கிறோம். "எந்த மாதிரி" என்ற கேள்விக்குத் தமிழில் சொல்வதற்கு நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. குத்துகிறது, குடைகிறது, எரிகிறது, சுருக்சுருக்கென்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, மதமதவென்று மரத்துக் கிடக்கிறது என்று வீட்டில் சொல்வதுபோலவே சொல்லுங்கள். இரு பாதங்களிலும் எரிச்சல், ஊசி குத்துவது, போர்வை பட்டாலே தாங்காதது என்றால் நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அதற்குப் பனடோல் (பாரசிட்டமால்) அதிகம் உதவாது. பிரிகாபாலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற வேறு வகை மருந்துகள் வேண்டும். அவை வேலை காட்ட நாட்கள், சில வேளை வாரங்கள் ஆகும். இரண்டு நாளில் குறையவில்லை என்று பலர் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். நீரிழிவு அதிகமுள்ள நம் சமூகத்துக்கு இது முக்கியம். நீண்டகால நீரிழிவுக்காரர்களுக்கு மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாமல் வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். திடீர் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, தாடையிலோ கையிலோ இறுக்கம் என்றால் எண் எத்தனை என்று யோசிக்காமல் அவசர ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

சில வலிகளுக்கு மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவது ஆபத்து. காலில் மாவுக்கட்டுப் போட்டவருக்கு மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போகிறது, கட்டைவிரலைப் பிடித்து மெல்ல நீட்டினாலே துடிக்கிறார், விரல் மரத்திருக்கிறது என்றால் உள்ளே தசையில் அழுத்தம் கூடுகிறது என்று சந்தேகிக்கிறோம். உடனே மருத்துவர் வர வேண்டும், கட்டைப் பிளக்க வேண்டும், தேவையென்றால் அறுவை சிகிச்சையும் செய்ய வேண்டும். சில மணி நேரம் தாமதித்தாலும் தசை செத்துவிடும். அப்படிப்பட்டவர் பொறுத்துக்கொண்டு 4 என்று சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப்பாருங்கள்.

வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களிடம்தான் அதிகக் கவனம் தேவை. முதுமை மறதி நோய் முற்றியவருக்கு எண்ணும் புரியாது, கேள்வியும் புரியாது. அவர்களுக்குப் பெய்னாட் என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். மூச்சு எப்படி இருக்கிறது, முனகுகிறாரா, முகம் சுளிக்கிறதா, உடல் விறைக்கிறதா, தேற்றினால் அடங்குகிறாரா என்று ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட்டு, மொத்தம் 10க்குக் கணக்கிடுகிறோம். தூங்கும்போது பார்த்தால் பூஜ்யம்தான் வரும். குளிப்பாட்டும்போதும் புரட்டிப் படுக்கவைக்கும்போதும் பார்க்க வேண்டும். தாத்தா திடீரென்று சாப்பிட மறுக்கிறார், கையைத் தட்டிவிடுகிறார், இரவில் கத்துகிறார் என்றால் பிடிவாதம் என்றோ நோய் முற்றிவிட்டது என்றோ சொல்லித் தூக்க மருந்து கேட்கிறார்கள். அதற்கு முன் சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, பல்செட் ஈறில் அழுத்துகிறதா, குதிகாலிலோ பிட்டத்திலோ புண் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். காரணம் தெரியாதபோது மருத்துவர் பாரசிட்டமாலை நேரம் தவறாமல் சில நாள் கொடுத்துப் பார்க்கச் சொல்வதுண்டு. கத்தல் அடங்கினால் வலிதான் காரணம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். வீட்டில் தினமும் அவரைக் குளிப்பாட்டும் பணிப்பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். எந்தப் பக்கம் தொட்டால் முகம் மாறுகிறது என்பது பிள்ளைகளைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை என்பது எங்கள் வருத்தம்.

சிறு குழந்தைகளுக்கும் இதே மாதிரி முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குவது ஆகியவற்றைப் பார்த்து 10க்குக் கணக்கிடும் முறை இருக்கிறது. மூன்று வயதுக்கு மேல் முகப் படங்களைக் காட்டிக் கேட்கலாம். எந்த முகம் பிடித்திருக்கிறது என்று கேட்காமல், எந்த முகத்துக்கு உன்னைப்போல் வலிக்கிறது என்று கேட்க வேண்டும். "சமத்துப் பிள்ளை அழாது" என்று பெற்றோர் பக்கத்திலிருந்து சொன்னால் பிள்ளை சிரிக்கும் முகத்தைத்தான் தொடும்.

இனி, கடும் வலிக்குத் தரப்படும் மார்ஃபின் என்ற மருந்து. "மார்ஃபின் போட்டால் கதை முடிந்தது" என்ற பயத்தில் புற்றுநோய் முற்றிய தந்தைக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. உடல் தளர்ந்த மூத்தோருக்கு வாய்வழி 2.5 மில்லிகிராம் போன்ற சிறு அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபினின் கழிவு உடலில் தேங்கும் என்பதால் ஃபென்டனில் போன்ற வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மார்ஃபின் மிகுந்தால் மூச்சு குறையலாம், ஆனால் அதற்கு முன் பெரும்பாலும் மயக்கம் கூடும். அதனால்தான் தாதி வலியைக் கேட்பதோடு நோயாளி எவ்வளவு விழிப்பாக இருக்கிறார் என்றும் பார்க்கிறார், முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுகிறார். கூப்பிட்டால் கண் திறந்து தெளிவாகப் பேசுபவரைப் பற்றிக் கவலையில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியத்தின் நடுவில் தூங்கிப்போனால் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரை அழைக்கிறோம். மூச்சு நிமிடத்துக்கு 8க்குக் கீழே இறங்கினால் அவசரம். அப்போது மார்ஃபினின் விளைவை முறிக்க நலாக்சோன் என்ற மருந்து இருக்கிறது. மார்ஃபினால் வரும் குமட்டல் சில நாளில் தணிந்துவிடும். மலச்சிக்கல் தணியாது. ஆகவே முதல் நாளிலிருந்தே சென்னா, லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இது விட்டுப்போய், வயிறு உப்பி, "இந்த மருந்தே ஒத்துக்கலை" என்று நிறுத்துகிறவர்கள் நிறைய.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளியே பொத்தானை அழுத்தி மருந்து பெறும் பம்ப் கொடுக்கப்படலாம். உதாரணத்துக்கு ஓர் அழுத்தத்துக்கு 1 மில்லிகிராம் மார்ஃபின் என்று அமைத்தால், அடுத்த 5 நிமிடத்துக்கு எத்தனை தடவை அழுத்தினாலும் மருந்து வராது. எத்தனை தடவை அழுத்தினார், எத்தனை தடவை மருந்து போனது என்பதைப் பம்ப் பதிவு செய்யும். 30 தடவை அழுத்தி 8 தடவைதான் மருந்து போயிருந்தால் அளவு போதவில்லை, அல்லது பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. இதில் பாதுகாப்பே, மயக்கம் வந்தவரால் பொத்தானை அழுத்த முடியாது என்பதுதான். தூங்கும் அம்மாவுக்கு வலிக்குமே என்று மகன் அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. தயவுசெய்து யாரும் அழுத்தாதீர்கள்.

தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை வீட்டுக்கு வரும்போது கவனம் இன்னும் அதிகம் வேண்டும். ஒட்டியவுடன் வலி குறையாது, 12 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழையதை எடுத்துவிட்டு வேறு இடத்தில் புதியதை ஒட்டுங்கள். பழையதை மறந்து இரண்டும் ஒட்டியிருந்தால் மருந்து மிகுந்துவிடும். பட்டையின் மேல் சுடுநீர்ப்பை ஒத்தடம் கொடுக்கவே கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உடலுக்குள் இறங்கும். கழற்றிய பட்டையிலும் மருந்து மிஞ்சியிருக்கும் என்பதால் ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.

பனடோலை எல்லாரும் சாதாரணமாக நினைக்கிறோம். 500 மில்லிகிராம் மாத்திரை, பெரியவர்களுக்கு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 2, ஒரு நாளில் 8க்கு மேல் கூடாது. 50 கிலோவுக்குக் குறைவானவர்களுக்கும் கல்லீரல் நோயுள்ளவர்களுக்கும் அளவு இன்னும் குறையும். சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் இதே பாரசிட்டமால் இருக்கிறது. தனியார் மருத்துவர் தந்த டைக்ளோஃபெனாக்கும் பலதுறை மருந்தகத்தில் தந்த நெப்ராக்சனும் ஒரே வகை என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கினால் வயிற்றில் ரத்தக்கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். டெங்கி என்று சந்தேகம் இருந்தால் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதையும் வலிக்காகத் தொடாதீர்கள், ரத்தக்கசிவுக்கு வழிவகுக்கும்.

மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு ஊழியர் ஒருவருக்கு அடிபட்டு வரும்போது அவருடைய சூப்பர்வைசரையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் சூப்பர்வைசர் முன் 7ஐ 3 என்பார். தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரை அழையுங்கள், தொலைபேசியிலாவது பேசவையுங்கள். தமிழ் நோயாளிகளின் கட்டிலருகே ஒரு தாள் மாட்டுங்கள். அதில் பூஜ்யம் முதல் 10 வரை பெரிய எழுத்தில் எண்கள், படுத்திருக்கும்போது, அசையும்போது என்று இரண்டு கட்டங்கள், கீழே குத்துகிறது, எரிகிறது, இழுக்கிறது, மரத்திருக்கிறது என்ற சொற்கள், முன்னும் பின்னுமாக ஓர் உடல் படம் இருக்கட்டும். தமிழ் தெரியாத தாதியும் அதைக் காட்டிக் கேட்கலாம், நோயாளி விரலால் தொட்டுக் காட்டலாம்.

இப்படிக்கு,
தமிழ் பேசும் தாதியர் சிலர்,
சிங்கப்பூர்