பைதோவா பற்றி அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. அண்ணன் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். மற்றதெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள். அவளிடம் பேசுகிறாய், என்னிடம்தான் பேசுவதில்லை.

அன்றைக்கு நீ சொன்னாய், ஒரு நாடு தூர தேசத்துக்குப் படை அனுப்பினால் அது எண்ணெய்க்காகத்தான், சோமாலியாவும் அதே கதைதான் என்று. நான் குரலை உயர்த்தியதும் போனை வைத்துவிட்டாய். பாதியில் நின்ற வாதம் என்னைத் தூங்க விடவில்லை. எழுதியாவது முடிக்கிறேன்.

எண்ணெய்க் கம்பெனி விஷயம் பொய்யில்லை. சோமாலியாவை ஆண்ட சர்வாதிகாரி சியாத் பார்ரேயின் கடைசிக் காலத்தில் கொனோகோ, அமோகோ, செவ்ரான், பிலிப்ஸ் என்ற நான்கு அமெரிக்கக் கம்பெனிகள் நாட்டின் பெரும்பகுதியில் எண்ணெய் தேட உரிமை வாங்கி வைத்திருந்தன. 1992 டிசம்பரில் அமெரிக்கப் படை இறங்கியபோது தலைநகர் மொகதிஷுவில் கொனோகோவின் வளாகத்திலிருந்துதான் அமெரிக்கத் தூதர் வேலை பார்த்தார். யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஆனால் எண்ணெய்தான் குறி என்றால் படை எங்கே போயிருக்க வேண்டும்? கொனோகோ தேடியது வடக்கே, நுகால் பள்ளத்தாக்கில். படை போனது பைதோவா, பார்தேரா, கிஸ்மாயு. எல்லாம் தெற்கே, பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த இடங்கள். வடக்குப் பக்கம் அவர்கள் தலைவைத்தும் படுக்கவில்லை. அனுப்பிய அமெரிக்க அதிபர் புஷ் ஒரு மாதம் முன்னால்தான் தேர்தலில் தோற்றிருந்தார். எண்ணெய் எடுக்க அவருக்கு ஏது காலம்? படை திரும்பியபோது ஒரு பீப்பாய்கூட எடுத்திருக்கவில்லை.

அதற்காக வெறும் கருணை என்றும் நான் சொல்லவில்லை. பெர்பெரா துறைமுகத்தைப் பயன்படுத்திக்கொள்வதற்காக 1980களில் பார்ரேக்கு ஆயுதமும் பணமும் கொடுத்ததே அமெரிக்காதான். அதற்கு முன்னால் கொடுத்தது சோவியத் யூனியன். 1977இல் சோமாலியாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் ஒகாடன் போர் வந்ததும் அது எத்தியோப்பியா பக்கம் போய்விட்டது. அங்கே கருணைக்கு இடமே இல்லை, அதில் உன் கட்சிதான் நானும். 1992இல் இன்னொரு கணக்கும் இருந்தது. போர் நடந்துகொண்டிருந்த போஸ்னியாவில் இறங்கச் சொல்லி நெருக்கடி. சோமாலியா அதைவிடச் சுலபமாக முடியும் என்று நினைத்தார்கள். இத்தனையும் இருக்க, தொலைக்காட்சியில் எலும்பும் தோலுமான குழந்தைகளைப் பார்த்த ஜனங்களின் பதைப்பும் நிஜமாகவே இருந்தது. லட்சக்கணக்கில் சாவு, பாப்பா. ஒரே காரணத்தில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறவர்களை நம்பாதே. நீ நோயாளியைப் பார்க்கும்போது அப்படியா பார்க்கிறாய்? உன்கூட வேலை செய்தவர்கள் உன்னைப் பற்றிச் சொல்வதை அம்மா என்னிடம் படித்துக் காட்டினாள். எனக்குப் பெருமைதான். அதே பொறுமை வாதத்தில் ஏன் இல்லை?

இன்னொன்று. கிளம்பிய நாளில் இருந்த நோக்கம் பாதியில் மாறிப்போகும். 1993 ஜூன் 5ஆம் தேதி ஐ.நா. படையில் இருந்த பாகிஸ்தான் வீரர்கள் 24 பேர் கொல்லப்பட்டார்கள். சோறு கொண்டுபோக வந்த ஐ.நா., மொகதிஷுவின் ஆயுதக் குழுத் தலைவர் ஐதீதைப் பிடிக்கும் வேட்டையில் இறங்கியது. ஜூலை 12 அன்று ஒரு வீட்டின்மீது அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏவுகணை வீசின. உள்ளே குலப் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்ததாகச் செஞ்சிலுவைச் சங்கம் சொன்னது. அதைப் படம்பிடிக்கப் போன நான்கு செய்தியாளர்களைக் கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. அந்த மக்களின் துன்பத்தை உலகத்துக்குக் காட்டப் போனவர்கள் அவர்கள். என்ன மனசோடு வந்திருக்கிறோம் என்பது யார் நெற்றியிலும் எழுதியிருக்காது. ஐ.நா. பொதுச்செயலாளர் பூத்ரோஸ் காலி என்ன சொன்னாலும் ஐதீத் நம்பவில்லை; எகிப்தின் அமைச்சராக இருந்தபோது பார்ரேயை ஆதரித்தவர் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது.

நம் படையைப் பற்றி நீ சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஐ.நா.வில் மரியாதை தேடித்தான் இந்தியா போனதென்றாய். இருக்கட்டும், அந்த ஆசையும் இருந்திருக்கும். ஆனால் பெரியப்பா பார்தேராவிலிருந்து எழுதிய கடிதங்கள் உன்னிடம்தானே இருக்கின்றன? ஆத்தா தலைமாட்டில் வைத்திருந்ததை யாரிடமும் கேட்காமல் எடுத்துப் போனவள் நீ. படித்துப் பார். கிணறு வெட்டினார்கள், ஒட்டகத்துக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்தார்கள். டில்லி எதற்காக அனுப்பியது என்று கிணறு வெட்டியவனிடம் கேட்டால் என்ன சொல்வான்? அரசாங்கத்தின் நோக்கம் வேறு, போகிறவனின் நோக்கம் வேறு. இரண்டையும் ஒன்றாக்காதே.

அவர் சொல்லாத ஒன்றும் உண்டு. 1994 ஆகஸ்ட் கடைசியில் பைதோவாவில் நடந்த தாக்குதலில் நம் படையின் டாக்டர்கள் மூன்று பேர் இறந்தார்கள். டாக்டர்கள், பாப்பா.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 22 வருஷம் அந்த நாட்டில் தாக்குப்பிடித்தது. அதன் ஆட்கள் 16 பேர் கொல்லப்பட்ட பிறகு, 2013 ஆகஸ்டில் எல்லாவற்றையும் மூடிவிட்டு வெளியேறினார்கள். 2017இல் திரும்பவும் போனார்கள். அப்படியும் போகிறவர்கள் இருக்கிறார்களே என்று நினைத்தால் கும்பிடத்தான் தோன்றுகிறது. நாம் பெற்ற பிள்ளை அதில் ஒருத்தி என்றால் அந்த நினைப்பு வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

ஆமாம், நீ பைதோவா போவதை அம்மா சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

உன்னைத் தடுக்க ஒரு வாதம் தேடித்தான் இதையெல்லாம் எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க அது என் பக்கமே திரும்பியது. 1993 அக்டோபரில் மொகதிஷுவில் 18 அமெரிக்கர்கள் இறந்ததும் கிளின்டன் படையைத் திருப்பிக்கொள்ள முடிவெடுத்தார். அடுத்த ஏப்ரலில் ருவாண்டாவில் ஜனங்களை வெட்டிக் கொன்றபோது தடுக்க யாரும் உடனே போகவில்லை. பாதுகாப்புச் சபை அங்கே ஏற்கெனவே இருந்த படையையும் 270 பேராகக் குறைத்தது. போனவர்கள் எதற்காகப் போனார்கள் என்று வருஷக்கணக்காக விவாதிக்கிறோம். போகாதவர்களையும் அதே கேள்வி கேட்க வேண்டாமா? நீ போகாதே என்று நான் சொன்னால், அரசியல், வரலாறு என்று எத்தனை பேசினாலும் அதற்குக் காரணம் ஒன்றுதான். எனக்குப் பயம். ஒரே காரணத்தை நம்பாதே என்று சொன்ன நான், என் விஷயத்தில் இதைத் தவிர வேறொன்றும் காட்ட முடியவில்லை.

அதனால் போகாதே என்று எழுதவில்லை. சிலதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடு. ஆஸ்பத்திரிக் காவலுக்கு எந்தப் படை, அந்தப் படையை ஊர்க்காரர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? பைதோவா பக்கம் எத்தியோப்பியப் படை வருஷக்கணக்காக இருக்கிறது. அவர்களோடு சேர்த்து உன்னையும் எண்ணிவிடக் கூடாது. குலப் பெரியவர்களிடம் உங்கள் அமைப்பு பேசியிருக்கிறதா? அவசரமென்றால் விமானம் உண்டா, சாலையை மட்டும் நம்பியிருக்கிறார்களா? நல்லது செய்யத்தானே வந்தோம், நம்மை யார் என்ன செய்வார்கள் என்று மட்டும் இருந்துவிடாதே. அந்தச் செய்தியாளர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

கிளம்பும் தேதியை அம்மாவிடம் சொன்னதுபோல என்னிடமும் சொல். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. எண்ணெய் பற்றி இன்னும் சண்டை போட வேண்டுமானாலும் சரி, கூப்பிடு.

அன்புடன்,
அப்பா