டிரா சீட்டோடு ரெய்ஸ் செய்வது பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ விரிவாக எழுதியிருந்த ஆட்டத்தை நிதானமாகப் படித்தேன். போக்கரில் டிரா சீட்டு, அதாவது இன்னும் ஓரிரு சீட்டு விழுந்தால்தான் முழுமையாகும் சீட்டு, கைக்கு வரும்போதெல்லாம் சிப்ஸ் கரைந்துகொண்டே போகிறது, தனக்கு மட்டும் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) விழுவதே இல்லை என்று வருந்தியிருந்தாய். அதிர்ஷ்டத்தின்மேல் பழிபோட எனக்கு மனம் வரவில்லை. நீ ஆடிய விதத்தில் சிப்ஸ் கரைவதுதான் இயல்பு. ஏன் என்பதை உன் ஆட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

உன் கையில் ஆட்டின் ஒன்பதும் ஆட்டின் எட்டும் இருந்தன. ஃப்ளாப்பில், அதாவது மேசையில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளில், ஆட்டின் ஜாக், ஆட்டின் நான்கு, கிளாவர் இரண்டு. நடுவில் சேர்ந்திருந்த பந்தயத் தொகையான பாட்டில் 100 சிப்ஸ். உன்னிடமும் எதிரியிடமும் ஆளுக்கு 240. அவர் 60 வைத்தார், நீயும் அதே அளவு வைத்துக் கால் செய்தாய். நான்காவது பொதுச் சீட்டான டர்னில் இஸ்பேட் ராஜா விழுந்தது, அவர் 150 வைத்தார், நீ சீட்டை மடித்து ஃபோல்ட் செய்தாய். ஃபோல்ட் செய்ததில் பிழையில்லை. நீ கால் செய்திருந்தால் 520 ஆகும் பாட்டுக்காக அந்த 150-ஐக் கொடுக்க ஏறத்தாழ 29 விழுக்காடு வெல்லும் வாய்ப்பு வேண்டும். கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் ஆட்டின் விழும் வாய்ப்போ, நீ பார்க்காத 46 சீட்டுக்கு 9, இருபது விழுக்காடுகூட இல்லை.

என் கேள்வி ஃப்ளாப்பில் கொடுத்த 60 பற்றியது. அந்தக் கால் 27 விழுக்காட்டைக் கேட்கிறது. டர்னில் ஆட்டின் விழுவது 47-க்கு 9, அதாவது 19 விழுக்காடு. நீ மனத்தில் வைத்திருக்கும் 35 விழுக்காடு, டர்ன், ரிவர் என இரண்டு சீட்டையும் பார்த்துவிடுபவருக்கு உரிய கணக்கு. ஒரு சீட்டுக்கு விலை கொடுத்துவிட்டு இரண்டு சீட்டின் கணக்கை நம்பியிருக்கிறாய். ஃப்ளஷ் விழுந்தபின் அவரிடமிருந்து மேலும் வாங்கலாமே என்பாய். அப்படியானால் விழும் ஒவ்வொரு முறையும் சராசரியாக இன்னும் 93 சிப்ஸ் அவர் கையிலிருந்து வர வேண்டும். மேசையில் மூன்றாவது ஆட்டின் விழுந்ததைக் கவனிக்காதவர் இருந்தால் வரும். உன் எதிரி அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை.

இப்போது அதே இடத்தில் நீ கால் செய்யாமல் ரெய்ஸ் செய்து, அதாவது பந்தயத்தை உயர்த்தி, 240-ஐயும் நடுவில் தள்ளியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பார். அவர் ஃபோல்ட் செய்தால் பாட்டில் கிடக்கும் 160 அப்போதே உனக்கு. அவர் கால் செய்தால் மொத்தப் பாட் 580. அதில் உன் 35 விழுக்காட்டின் மதிப்பு 203. ஆக, கால் வாங்கும் ஒவ்வொரு முறையும் உனக்குச் சராசரி நட்டம் 37 மட்டுமே. 160 வரவையும் 37 செலவையும் எதிரெதிரே வைத்தால், நூற்றுக்கு 19 முறை அவர் ஃபோல்ட் செய்தாலே நீ சமநிலைக்கு வந்துவிடுகிறாய். அதற்கு மேல் அவர் மடிக்கும் ஒவ்வொரு முறையும் லாபம். ஏஸ்-ராஜா, ராஜா-ராணி, ஜோடி ஏழு போன்ற சீட்டுகளோடு 60 வைத்துப் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று யோசி. உன்னிடம் இருப்பது வெறும் ஒன்பது என்பதால், அவர் மடிக்கும் சீட்டு ஏறக்குறைய எல்லாமே அந்த நேரத்தில் உன்னைவிடப் பெரியது. இதில் எனக்கு எப்போதுமே ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

ஆகவே டிராவை ஆடும்போது ‘என் சீட்டு விழுமா’ என்பதற்கு முன் ‘இவர் மடிப்பாரா’ என்று கேட்டுக்கொள். எதற்கும் மடிக்காமல் கடைசி ஜோடியோடுகூட ரிவர்வரை வருபவரிடம் மொத்தச் சிப்ஸையும் வைக்கும் இந்த ஆல்-இன் வெறும் தானம். மூவர், நால்வர் இருக்கும் பாட்டிலும் அப்படித்தான். எல்லோரும் ஒன்றாக மடிப்பது அரிது. உன் கையிலுள்ள பெரிய ஆட்டின் வெறும் ஒன்பதுதான் என்பதால், கூட்டத்தில் ஒருவரிடம் ஏஸ் ஆட்டினும் இன்னொரு ஆட்டினும் இருந்துவிட்டால் உன் சீட்டு விழுவதே உனக்குக் கேடாகும். எதிரியிடம் செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) இருந்தால் உன் 35 விழுக்காடு ஏறத்தாழ 25 விழுக்காடாகச் சுருங்கிவிடும் என்பதையும் மறக்காதே.

டர்னில் இதே துணிச்சலைக் காட்ட முனையாதே என்று சொல்லமாட்டேன், ஆனால் விலை அங்கே வேறு. மேலே சொன்ன அதே சிப்ஸ் அளவில் ஒரே ஒரு சீட்டு மட்டும் மீதமிருந்தால், அவர் நூற்றுக்கு 44 முறை மடித்தாக வேண்டும். டர்னில் இரண்டாம் முறை பந்தயம் வைப்பவர் அவ்வளவு எளிதில் மடிப்பதில்லை. ஆகையால் தள்ளுவதானால் ஃப்ளாப்பிலேயே தள்ளு.

எல்லா டிராவும் ஒன்றல்ல. உன் ஒன்பது-எட்டுக்கு ஃப்ளாப் ஆட்டின் பத்து, ஆட்டின் ஏழு, கிளாவர் இரண்டு என்று வந்திருந்தால் ஃப்ளஷுக்கு 9, ஸ்ட்ரெய்ட்டுக்கு (அடுத்தடுத்த ஐந்து சீட்டுகளுக்கு) மேலும் 6 என 15 சீட்டுகள் உனக்காகக் காத்திருக்கும். இரண்டு சீட்டில் அது 54 விழுக்காடு. அங்கே யார் கால் செய்தாலும் கவலையில்லை. 1976, 1977 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற டாய்ல் பிரன்சன், இத்தகைய டிராக்களோடு தயங்காமல் மொத்தச் சிப்ஸையும் நடுவில் தள்ளுவதற்குப் பேர்போனவர். நடுவில் ஒரு சீட்டு மட்டும் விழ வேண்டிய ஸ்ட்ரெய்ட் டிராவுக்கோ 4 சீட்டுகள், இரண்டு சீட்டிலும் சேர்த்து 17 விழுக்காட்டுக்கும் குறைவு. அதை வைத்து மேசையை மிரட்டக் கிளம்பாதே.

இன்னொன்று. 240-க்குப் பதில் இருவரிடமும் 1500 இருந்திருந்தால் இந்த அறிவுரை அப்படியே செல்லாது. 200-க்கு நீ ரெய்ஸ் செய்ய, அவர் மொத்தத்தையும் தள்ளினால், நல்ல டிராவைச் சீட்டுப் பார்க்காமலே எறிய வேண்டிவரும். அத்தகைய மேசையில் அவருக்குப் பின்னால் நீ பேசும், அதாவது உன் முடிவைச் சொல்லும், இடத்தில் அமர்ந்திருந்தால் கால் செய்வதற்கே நியாயம் அதிகம். விழுந்தபின் வாங்குவதற்கு அவரிடம் சிப்ஸும் மிச்சமிருக்கும்.

அடுத்த கடிதத்தில் நீ தோற்ற ஆட்டங்களோடு, ஒவ்வொருவரிடமும் எவ்வளவு சிப்ஸ் இருந்தது, யார் யாருக்குப் பின் பேசினார் என்பதையும் தவறாமல் குறிப்பிடு. அவை இல்லாமல் என்னால் எதையும் கணக்கிட்டுச் சொல்ல இயலாது.

அன்புடன்,
அம்மா