சட்லெஜ் வழியாக ஏறு: ஸ்பிதிக்குப் புறப்படும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். செப்டம்பரில் நீயும் உன் தோழியும் சைக்கிளில் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போவதாக முடிவு செய்திருப்பதும், மணாலியில் தொடங்குவதா சிம்லாவில் தொடங்குவதா என்பது மட்டும் இன்னும் பேச்சளவில் நிற்பதும் உன் கடிதத்தில் தெரிந்தது. எல்லைச் சாலை அமைப்பில் வேலை பார்த்த காலத்தில் சிம்லாவிலிருந்து சட்லெஜ் ஆற்றோடு ஸ்பிதிக்கு ஏறும் கின்னௌர் சாலையின் வளைவுகளில் எங்கே கல் விழும், எங்கே விழாது என்று பார்த்துப் பழகியவன் நான். பிறகு அதே சாலையில் சைக்கிளும் மிதித்தவன். எனவே இதில் எனக்கு ஐயமே கிடையாது. சிம்லாவில் தொடங்குங்கள்.

மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்டால் இரண்டு மூன்று நாளில் சந்திரா ஆற்றங்கரையில் 3,300 மீட்டருக்கு மேல் உறங்க வேண்டியிருக்கும். அடுத்தது 4,500 மீட்டரைத் தாண்டிய குன்சும் கணவாய். 3,000 மீட்டரைக் கடந்த பிறகு, ஓர் இரவு உறங்கும் இடத்துக்கும் மறு இரவு உறங்கும் இடத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்றும், மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஏறாமல் ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்றும் மலை மருத்துவர்கள் சொல்கிறார்கள். மணாலி வழியில் இந்த விதியைக் காப்பாற்ற முயன்றாலும், நடுவில் நின்று தங்குவதற்கு ஏற்ற ஊர்கள் இல்லை. உடம்பு முடியாமல் போனால் மருத்துவமனையும் பக்கத்தில் இல்லை. சட்லெஜ் வழியில் ஊர்களும் உயரமும் ஒன்றுக்கொன்று இசைவாக அமைந்திருக்கின்றன. ராம்பூரில் ஆறு ஏறத்தாழ 1,000 மீட்டரில் ஓடுகிறது. ஸ்பிதி ஆறு வந்து சேரும் காப் என்ற இடம் 2,600 மீட்டரை ஒட்டியது. இடையில் உள்ள தொலைவு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் என்பதால், ஆறு ஏறும் அளவுக்கே சாலையும் ஏறி, உங்கள் நுரையீரலுக்கும் இரத்தத்துக்கும் வேண்டிய அவகாசத்தைத் தானே கொடுத்துவிடுகிறது.

சிம்லாவிலிருந்து நார்கண்டா வரை முதுகெலும்புபோல நீண்ட ஒரு மலைமுகட்டின் மேல் போவீர்கள். முதல் நாள் அதுவே போதும். நார்கண்டா 2,700 மீட்டர். அங்கிருந்து சட்லெஜ் பள்ளத்தாக்கில் இறங்கும்போது நெடுஞ்சாலையை விட்டுவிட்டுத் தானேதார், கோட்கட் வழியாக இறங்குங்கள். அமெரிக்காவிலிருந்து வந்து, பிற்காலத்தில் சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்ட சாமுவேல் ஸ்டோக்ஸ், 1910களில் ரெட் டெலிஷியஸ் ஆப்பிள் கன்றுகளை நட்டது இந்தச் சரிவுகளில்தான். நீங்கள் போகும் மாதத்தில் பழம் ஏற்றிய லாரிகள் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் என்பதும் நான் இந்த வழியைச் சொல்லக் காரணம். இறக்கம் 1,500 மீட்டருக்கும் மேல். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் டிஸ்க் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். வளைவுக்கு முன்னால் இறுக்கிப் பிடித்து, வளைவைக் கடந்ததும் முழுவதும் விட்டுவிட வேண்டும். பைகளின் பாரத்தோடு இப்படி இறங்குவதை வீட்டுப் பக்கத்து மலையிலேயே பழகிக்கொள்.

ராம்பூருக்கு அப்பால் இரண்டு நாள் வழி அழகாக இருக்காது. வெப்பமும் தூசியும் டிப்பர் லாரிகளும் இருக்கும். ஆற்றிலும் நீ எதிர்பார்க்கும் அளவு தண்ணீர் இருக்காது, ஏனென்றால் நாத்பாவில் அணை கட்டி, ஆற்றை 27.4 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் திருப்பி, ஜாக்ரியில் 1,500 மெகாவாட் மின் நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். இதை நான் சொல்வதற்கு ஒரு நோக்கம் உண்டு. தண்ணீர் குறைவாக ஓடுகிறதே என்று முகம் கழுவவோ புட்டி நிரப்பவோ ஒருபோதும் சட்லெஜ் படுகையில் இறங்காதீர்கள். அணையின் கதவைத் திறந்தால் நீர்மட்டம் சில நிமிடங்களில் உயர்ந்துவிடும். தண்ணீருக்கு ஊர்க் குழாய்கள் இருக்கின்றன.

ஜியோரியில் நெடுஞ்சாலையை விட்டு 17 கிலோமீட்டர் ஏறினால் சராஹன். அந்த ஏற்றம் தேவையா என்று உன் தோழி கேட்பாள். தேவை என்பேன். ஏறத்தாழ 2,200 மீட்டரில் ஓர் இரவு உறங்கிவிட்டு மீண்டும் ஆற்றுக்கு இறங்குவது மேலே வரும் உயரத்துக்கு நல்ல முன்னேற்பாடு. அங்கே உள்ள பீமாகாளி கோயிலையும் பார்க்கலாம். தேவதாரு உத்தரத்தையும் கல் வரிசையையும் மாற்றி மாற்றி அடுக்கி எழுப்பிய சுவர்கள் அவை. நில நடுக்கத்தில் கல் மட்டும் என்றால் உடையும். இடையிலுள்ள மரம் வளைந்து கொடுத்து அதிர்வைத் தாங்கும். சாலையோரத் தடுப்புச்சுவர் கட்டுவதே வேலையாக இருந்த எனக்கு, அந்தச் சுவர்களின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் போதவில்லை.

ஜியோரிக்கும் வாங்டுவுக்கும் இடையில் மட்டும் நீங்கள் வேடிக்கை பார்க்காமல் போக வேண்டும். 2021 ஆகஸ்டில் நிகுல்சாரியில் சரிந்த மலை ஓர் அரசுப் பேருந்தையே மூடி, பல உயிர்களைக் கொண்டுபோனது இந்தப் பகுதியில்தான். இதே பகுதியில், தாரண்டாவில் பாறையைக் குடைந்து சாலை போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் மலை கூரைபோல் தலைக்கு மேல் வந்து நிற்க, மறுபக்கம் நேராக ஆற்றில் இறங்குகிறது. கல் விழும் இடங்களில் பலகை வைத்திருப்பார்கள், ஆனால் பலகையை மட்டும் நம்பாதே, சாலையைப் பார். விழுந்து கிடக்கும் கல்லின் உடைந்த முகம் வெளுத்துத் தூசியோடு இருந்தால் அது அன்று விழுந்தது; மழையில் நனைந்து கறுத்திருந்தால் பழையது. மேலே ஆடு மேயும் சரிவுக்குக் கீழே நிற்காதே. பொடிக்கல் சலசலவென்று உதிரும் ஓசை கேட்டால் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, தெளிவாக இருந்தால் மட்டும் விரைந்து கட, இல்லையென்றால் நில். நாங்கள் அந்த ஓசை நின்று வெகுநேரம் ஆன பிறகே புல்டோசரை உள்ளே விடுவோம். இரவெல்லாம் மழை பெய்திருந்தால் மறுநாள் வண்டியை வெளியில் எடுக்கவே வேண்டாம். காதில் பாட்டு வைத்துக்கொண்டு ஓட்டும் உன் பழக்கத்தையும் சிம்லாவிலேயே விட்டுவிடு.

கர்ச்சத்தில் பாஸ்பா ஆறு வந்து சேர்கிறது. நாள் இருந்தால் சாங்லா வழியாகச் சித்குல் வரை போகலாம். 3,450 மீட்டர் உயரமுள்ள அந்தக் கடைசி ஊர், உயரத்துக்கு உடம்பு பழகுவதற்கு மிகவும் உதவும். நாள் இல்லையென்றால் நேராகப் பொவாரி வந்து, ரெக்காங் பியோ ஏறி, கல்பாவில் இரண்டு இரவு தங்குங்கள். சந்தையும் மாவட்ட மருத்துவமனையும் பியோவில் உண்டு. பணம் எடுப்பது, மருந்து வாங்குவது, ஸ்போக்ஸ் கம்பிகளைத் தட்டிப் பார்த்து முறுக்குவது எல்லாவற்றையும் இங்கேயே முடித்துவிடுங்கள்.

அதற்கு மேல் மழை குறைந்துகொண்டே போகும்; பூ என்ற ஊரை நெருங்கும்போது மரங்களும் அற்றுப்போகும். பூவில் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும், ஏனென்றால் காப் பாலத்தைக் கடந்ததும் சாலை ஆற்றை விட்டுவிட்டு, வளைந்து வளைந்து 3,660 மீட்டரில் உள்ள நாகோவுக்கு ஏறுகிறது. முழுப் பயணத்திலும் கால்களுக்குக் கடினமான ஏற்றம் இதுவே என்பது என் கணிப்பு. முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தைவிடப் பின்பக்கப் பெரிய சக்கரத்தில் பற்கள் அதிகமாக இருக்கும் கியர் இல்லாமல் இதை மிதிக்க முயலாதீர்கள். காப் பாலத்தில் மட்டும் நின்று பார்: திபெத்திலிருந்து சேற்று நிறத்தில் வரும் சட்லெஜும், இனி நீங்கள் பின்பற்றப் போகும் ஸ்பிதியும் பாறைகளுக்கு நடுவே முட்டிக் கலக்கின்றன.

நாகோவில் தலைவலி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு ஓய்வெடுக்கலாம். வாந்தி வந்தாலோ, நடக்கும்போது கால் தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ காலை வரை காத்திருக்கக் கூடாது. கிடைக்கும் வண்டியில் ஏறி உடனே கீழே இறங்கிவிட வேண்டும். சாங்கோ ஊர் ஏறத்தாழ 600 மீட்டர் கீழே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் அடிக்கடி சரியும் மலிங் ஓடை வரும். அது வழிவிடாத நாளில் பூவை நோக்கியே இறங்க வேண்டும். உன் தோழிக்கு இது நேர்ந்தால் நீயும் கூடவே இறங்கு.

சும்தோவில் பாரேசூ ஆறு ஸ்பிதியில் கலக்கிறது. திபெத் பக்கம் அந்த ஆற்றில் மலை சரிந்து அணைபோல் நீரைத் தேக்கியிருந்தது. 2005 ஜூன் 26 அன்று அது உடைந்தபோது வந்த வெள்ளம் சட்லெஜ் கரையிலிருந்த பாலங்களை அடித்துக்கொண்டு போனது. சும்தோவிலிருந்து சாலை ஆற்றோடு மெல்ல ஏறி 3,280 மீட்டரில் தாபோவை அடைகிறது. 996இல் நிறுவப்பட்ட மடாலயம், மண் சுவர். உள்ளே இருட்டில் ஓவியங்கள். அங்கே ஒரு முழு நாள் இருங்கள், கண் பழகப் பழகத்தான் அந்த ஓவியங்கள் தெரியும். தாபோவிலிருந்து காஜா 47 கிலோமீட்டர். நண்பகலுக்குப் பிறகு எழும் காற்றில் இந்தத் தொலைவு இரண்டு மடங்காகத் தோன்றும் என்பதால் விடியலிலேயே கிளம்பிவிடுங்கள்.

காஜாவில் இரண்டு இரவு. ஒரு பகலில் பைகளை அறையில் வைத்துவிட்டு, கீ மடாலயத்துக்கும் கிப்பருக்கும் வெறும் வண்டியில் ஏறி இறங்கி வந்தால் குன்சுமுக்கு உடம்பு தயாராகிவிடும். லோசர் வரை ஊர்கள் உண்டு. அதைத் தாண்டினால் கைபேசி சிக்னலை நம்ப முடியாது. அம்மாவுக்கு லோசரிலிருந்து பேசிவிடு. குன்சும் இறங்கிப் பாத்தல் சேர்ந்த பிறகு, மணாலிச் சாலையில் சேரும் கிராம்ஃபூ வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர், பெரும்பகுதி உருண்டைக் கற்களின் மேல்தான் ஓட்ட வேண்டும். மலையோடைகள் சாலையின் மீதே பாயும். இரவில் பனி உருகுவது நிற்பதால் விடியலில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர் மாலையில் முழங்காலைத் தாண்டும். செருப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நீர் வரும் பக்கம் நீ நின்று, சைக்கிளை நீர் போகும் பக்கம் பிடித்துக் கட. மாறி நின்றால் தண்ணீர் வண்டியை உன் காலின் மேலேயே தள்ளும்.

லோசரில் காலையில் எழுந்து பார்க்கும்போது கணவாயின் மேல் மேகம் இறங்கியிருந்தால் ஒரு நாள் காத்திருங்கள். மறுநாளும் அப்படியே இருந்தால் காஜாவுக்குத் திரும்பி, சைக்கிள்களைப் பேருந்தின் கூரையில் கட்டிக்கொண்டு பியோ வழியாக இறங்கிவிடுங்கள். அதற்காக விடுப்பில் மூன்று நாளைக் கூடுதலாகக் கேட்டு வை. எந்தெந்த இரவு எந்த ஊர் என்று எழுதி அனுப்பினால், உயரத்தை நானும் ஒருமுறை கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அம்மாவும் அந்தத் தாளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா