எண் மாறுகிறது, கைக்கடிகாரம் மாறுவதில்லை: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

என் தாயாருக்கு வயது 74. போடிநாயக்கனூரை அடுத்த ஒரு சிற்றூரில், தோட்டத்தோடு சேர்ந்த வீட்டில் தனியே வசிக்கிறார். ஒரு நாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தவர், கைப்பேசி வீட்டுக்குள் இருந்ததால் யாரையும் அழைக்க வழியின்றி முக்கால் மணி நேரம் அங்கேயே கிடந்தார். அதன் பிறகுதான் இ-சிம் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம்) உள்ள ஸ்மார்ட் வாட்ச் ஒன்றை அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். அணிந்திருப்பவர் விழுந்து அசைவற்றுக் கிடந்தால், கைப்பேசி பக்கத்தில் இல்லாவிட்டாலும் தானே அவசர உதவியை அழைத்து, குடும்பத்தாருக்கும் செய்தி அனுப்பக்கூடிய கடிகாரம் அது.

அவரது எண் இருந்த நிறுவனத்தின் சிக்னல் தோட்டத்தில் அடிக்கடி அறுந்தது; பக்கத்து வீட்டாரின் நிறுவனத்துக்கோ அதே இடத்தில் தெளிவாகக் கிடைத்தது. ஆகவே 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, அதே எண்ணை வைத்துக்கொண்டே அந்த நிறுவனத்துக்கு மாறும் ‘எண் மாற்ற’ வசதியைப் பயன்படுத்தினோம். மூன்று வேலை நாள்களுக்குள் மாற்றம் முடிந்தது. 2011 ஜனவரியில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்து, 2019 டிசம்பரில் நீங்கள் மேலும் எளிமையாக்கிய இந்த ஏற்பாட்டுக்கு நுகர்வோர் என்ற முறையில் நான் நன்றியுடையவன்.

ஆனால் எண் மாறிய அன்றே கடிகாரத்தின் இணைப்பு அறுந்தது. எல்லாம் வேலை செய்யும் என்று முன்பு சொல்லியிருந்த புதிய நிறுவனத்தின் கடையிலேயே, அந்த மாதிரிக் கடிகாரத்துக்குத் தங்கள் வலையமைப்பில் வசதி இல்லை என்று பிறகு சொன்னார்கள். பழைய நிறுவனத்துக்கே திரும்பிவிடலாம் என்றால், ஒரு நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் முடியாமல் எண்ணை மீண்டும் மாற்ற முடியாது என்ற விதி குறுக்கே நின்றது. எந்த ஆபத்துக்காக அந்தக் கடிகாரத்தை வாங்கினோமோ, அந்த ஆபத்தின் நடுவே என் தாயார் மூன்று மாதங்கள் பாதுகாப்பின்றி இருந்தார்.

கைப்பேசியின் எண்ணையே கடிகாரமும் பகிர்ந்துகொள்ள வேண்டுமானால், நிறுவனம் அதற்கென்று தனிக் கட்டமைப்பை வைத்திருக்க வேண்டும். கடிகாரத்தைத் தயாரிப்பவரோடு உடன்பாடும் செய்துகொண்டிருக்க வேண்டும். எண் மாற்றத்தில் எண் மட்டுமே வாடிக்கையாளரோடு போகிறது. இந்த இணைப்பு பின்தொடர்வதில்லை. விலை கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையதாக இருந்தும், அது இயங்குமா என்பதை நிறுவனங்களுக்கு இடையிலான உடன்பாடு முடிவு செய்கிறது. பொருள்தான் வாடிக்கையாளரைக் கட்டிப்போடுகிறது என்றால், எண் மாற்றும் உரிமை பாதி உரிமைதான் என்பது என் உறுதியான கருத்து.

தனி சிம் போடும் கடிகாரங்களின் கதை வேறு. பள்ளிப் பிள்ளைகளுக்காக விற்கப்படும் விலை குறைந்த கடிகாரங்களில் பல 2ஜி என்னும் பழைய தலைமுறை வலையமைப்பை மட்டுமே அறிந்தவை. 2ஜி இல்லாத ஜியோவின் சிம்மைப் போட்டால் அவை வேலை செய்யா. இதைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் தமிழிலும் அச்சிட வேண்டும் என்பது மிகையான கோரிக்கை ஆகாது. அந்தச் சிம்முக்கும் கைப்பேசிக்கு ஆகும் அதே ரீசார்ஜைச் செய்ய வேண்டியிருக்கிறது. பிள்ளை இருக்கும் இடத்தைத் தெரிவிக்கத் துளியளவு டேட்டா போதும் என்றாலும், நாளுக்கு ஒரு ஜிபிக்கு மேல் தரும் திட்டத்துக்குப் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள்.

28 நாள் கணக்கால் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்துவந்த மக்களின் குறையைக் கேட்டு, 30 நாள் திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று 2022 ஜனவரியில் ஆணையிட்டீர்கள். டேட்டா வேண்டாதவர்களுக்காகப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டத்தை 2024 டிசம்பரில் கட்டாயமாக்கினீர்கள். அதே அக்கறையோடு, கையில் அணியும் கருவிகளுக்கென்று சிறிய டேட்டாவும் அழைப்பும் சேர்ந்த, நீண்ட நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றையும் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

எண் மாற்றத்தைப் பொறுத்தவரை, 1900-க்கு அனுப்பும் செய்திக்கு வரும் பதிலிலேயே, இந்த எண்ணோடு கடிகாரம் இணைந்திருக்கிறது, மாறினால் அது துண்டிக்கப்படலாம் என்ற எச்சரிக்கை இருக்கட்டும். எந்தெந்த மாதிரிகள் தங்களிடம் இயங்கும் என்ற பட்டியலை நிறுவனங்கள் வெளிப்படையாக வைக்கட்டும். கடிகாரம் இயங்காமல் போன வாடிக்கையாளருக்கு 90 நாள் விதியிலிருந்து விலக்கு வேண்டும். இதை மற்ற இரண்டுக்கும் முன்னதாகச் செய்யுங்கள்.

கெடு முடிந்ததும் நாங்கள் பழைய நிறுவனத்துக்கே திரும்பிவிட்டோம். கடிகாரம் மீண்டும் இயங்குகிறது. தோட்டத்தில் சிக்னல் அறுவது மட்டும் மாறவில்லை என்பதால், கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போகிறார் என் தாயார்.

நம்பிக்கையுடன்,
மதுரையிலிருந்து ஒரு நுகர்வோர்