அலகை விட்டால் பூமியே நின்றுவிடும்

சுங்கை சிப்புட்

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். மேன்டிலின், அதாவது பூமியின் மேலோட்டுக்கும் மையத்துக்கும் இடையே உள்ள தடித்த பாறை அடுக்கின், ரேலி எண் 0.03 என்று வந்திருக்கிறது. அடியில் சூடேறும் பொருள் மேலும் கீழுமாகச் சுழலுமா என்று சொல்லும் எண் அல்லவா அது. அப்படியானால் பூமிக்குள் ஒன்றும் அசையாது, கண்டங்களும் நகராதும்மா. மேன்டிலின் ஆழமான 2,900 கிலோமீட்டரை மீட்டராக மாற்றாமலே போட்டுவிட்டாய். ஆழம் மும்மடியாக (ஆழம் × ஆழம் × ஆழம்) வருவதால் பிழை நூறு கோடி மடங்கு. சரியான விடை 3 கோடியை ஒட்டி வரும். சுழற்சி தொடங்க ஆயிரத்துச் சொச்சம் போதும். மேலுக்கும் அடிக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தில் அழுத்தத்தால் தானாக ஏறும் சூட்டைக் கழித்திருக்கிறாய், அது சரி. பலர் அதைத்தான் மறப்பார்கள்.

மும்மடியின் பலத்தை அடுப்பிலேயே பார்க்கலாம். தட்டையான சட்டியில் செம்பனை எண்ணெயை 1 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்று. ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் தூவி, தீயைச் சிறியதாக வை. தூள் மெல்ல ஒதுங்கிக் கோடு கட்டும். எண்ணெயைப் பாதியாக்கினால், அதே வெப்ப வித்தியாசத்தில் உந்துதல் எட்டில் ஒரு பங்குதான். 2 மில்லிமீட்டருக்கு இறங்கினால் மேற்பரப்பு இழுவிசை முந்திக்கொள்ளும்; அதை மேன்டிலுக்கு உதாரணமாகக் காட்டாதே. தீயைக் கூட்டினால் கோடுகள் கலைந்துவிடும்.

இன்னொன்று. மேன்டிலை 'உருகிய குழம்பு' என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை அடித்துவிடு. நிலநடுக்கத்தின் குறுக்கலை (பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் அலை) திரவத்துக்குள் போகாது, மேன்டிலுக்குள் போகிறது. அது கெட்டிப் பாறை, ஆனாலும் ஓடும். பாகுநிலையை (ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பை) விறைப்புக் குணகத்தால் (வளைவதற்குக் காட்டும் எதிர்ப்பால்) வகுத்தால் ஒரு கால அளவு கிடைக்கும். அதைவிடக் குறுகிய நேரத்தில் பாறை வில்போல வளைந்து மீளும். நீண்ட காலத்தில் ஓடும். மேன்டிலின் பாகுநிலையான 10²¹ பாஸ்கல்-வினாடியை அதன் விறைப்பான 7×10¹⁰ பாஸ்கலால் வகுத்துப் பார், சுமார் 450 ஆண்டு வரும். அந்த 10²¹, பனிப்பாறை உருகியபின் ஸ்கண்டிநேவியா மேலெழும் வேகத்திலிருந்து 1935இல் ஹாஸ்கெல் என்ற ஆய்வாளர் கணித்தது.

கண்டங்களைச் சுமக்கும் பாறைத் தட்டுக்கு அடியில் இருப்பதோ மேன்டிலின் இளக்கமான அடுக்கு, அதன் பாகுநிலை 10¹⁸ முதல் 10¹⁹ பாஸ்கல்-வினாடி வரை. அங்கே அந்தக் கால அளவு சில மாதத்திலிருந்து நாலைந்து வருடம்தான். 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தில் லங்காவித் தீவு சுமார் 17 சென்டிமீட்டர் மேற்கே இழுபட்டது. அதன்பிறகும் பல வருடம் மலேசியத் தீபகற்பம் அதே பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது; அடியிலுள்ள அந்த அடுக்கு மெல்ல ஓடியதும் அதற்கு ஒரு காரணம். உன் கட்டுரையை இங்கிருந்து தொடங்கு, நம் காலடியில் நடந்த விஷயம்.

கணக்கை மறுபடி போட்டு அனுப்பு. இந்த முறை ஒவ்வொரு வரியிலும் அலகை எழுது.

அன்புடன்,
அப்பா