விமானச் செய்திகளுக்குத் தமிழில் ஒரு பொறுப்பான பகுதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழில் விமானத் துறைக்கென மாதம் இருமுறையாவது அரைப்பக்கம் ஒதுக்குமாறும், விமான விபத்துச் செய்திகளை அப்பகுதியைப் பொறுப்பேற்பவர் பார்த்த பின்னரே அச்சுக்கு அனுப்புமாறும் வேண்டி இக்கடிதத்தை எழுதுகிறேன். இதற்கு முன்மாதிரியாக நான் கொள்வது பிரித்தானியாவிலிருந்து வெளிவரும் ‘ஃபிளைட் இன்டர்நேஷனல்’ சஞ்சிகையை.

1909 ஜனவரி 2 ஆம் திகதி ‘ஃபிளைட்’ என்ற பெயரில் வார இதழாகத் தொடங்கிய அது, 1962 இல் இன்றைய பெயரைப் பெற்றது. 2020 முதல் மாத இதழாக வருகிறது. அதன் முதல் இதழ் வெளிவந்தபோது ரைட் சகோதரர்கள் பறந்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் எவரும் தாண்டியிருக்கவில்லை. தொடக்க காலத்தில் அது பிரித்தானிய விமானக் கழகத்தின் அதிகாரபூர்வ ஏடாகவும் இருந்தது. 1912 மே மாதம் புரூக்லாண்ட்ஸ் மைதானத்தில் ஒரு விமானம் விழுந்து இருவர் இறந்தபோது, அக்கழகம் அமைத்த குழு சாட்சிகளை விசாரித்து, சிதைவுகளை ஆராய்ந்து, தன் முடிவை அறிக்கையாக வெளியிட்டது. விமான விபத்துப் புலனாய்வின் தொடக்கங்களுள் ஒன்றாக அது இன்றும் கருதப்படுகிறது. அத்தகைய அறிக்கைகளை வாசகர்முன் வைத்துப் பழகிய ஏட்டுக்கு, தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்து எழுதும் வழக்கம் வேரூன்றியதில் வியப்பில்லை.

அந்த வழக்கத்தின் அருமையை, உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான ‘கொமெட்’டின் வரலாறு காட்டும். 1954 ஜனவரியில் இத்தாலியின் எல்பாத் தீவுக்கு அருகே ஒரு கொமெட் கடலில் விழுந்தபின், தீப்பற்றியிருக்கலாம் என்பது உட்படப் பல ஊகங்களின் பேரில் திருத்தங்கள் செய்து, மார்ச் மாதத்தில் சேவையை மீண்டும் தொடங்கினார்கள். ஏப்ரல் 8 ஆம் திகதி இன்னொரு விமானமும் வீழ்ந்தது. பின்னர் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமான உடலை நீர்த்தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது ஏற்படும் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் கொடுத்துப் பார்த்தபோதுதான், உலோகத் தகடு வலுவிழந்து, ஜன்னல் போன்ற திறப்புகளின் மூலைகளில் வெடிப்புக் காண்பது புலப்பட்டது. முதல் வாரத்தில் எவராலும் சொல்லியிருக்க முடியாத காரணம் அது.

2025 ஜூன் 12 ஆம் திகதி அகமதாபாத்தில் எயார் இந்தியாவின் போயிங் 787 விமானம் விழுந்து 260 பேர் உயிரிழந்தபோது, நம் தமிழ் ஊடகங்கள் பலவற்றில் அன்று மாலையே காரணம் எழுதப்பட்டுவிட்டது. பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்ற என்னிடம், உயர்தர வகுப்பு மாணவர்கள் அச்செய்திகளைக் காட்டி எது உண்மை என்று கேட்டார்கள். ஒரு மாதம் கழித்து வந்த முதற்கட்ட அறிக்கை, இரு இயந்திரங்களுக்குமான எரிபொருள் ஆளிகள் (சுவிட்சுகள்) ஒரு விநாடி இடைவெளியில் நிறுத்த நிலைக்கு மாறியதையும், ஏன் நிறுத்தினாய் என ஒரு விமானி கேட்க, நான் நிறுத்தவில்லை என மற்றவர் கூறியதையும் சொன்னதேயன்றி, காரணம் இதுதான் என்று முடிவு கூறவில்லை. கேட்டவர் யார், மறுத்தவர் யார் என்பதைக் கூட அது சொல்லவில்லை. அப்படியிருந்தும், இறந்துபோன விமானிகள் மீது பெயர் சொல்லிப் பழி சுமத்தும் தலைப்புகள் வந்தன. அவர்களுக்கும் குடும்பங்கள் உண்டு என்பதை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13 ஆவது இணைப்பு, விபத்துப் புலனாய்வின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதே என்றும், குற்றம் சாட்டுவது அதன் வேலையன்று என்றும் தெளிவாகக் கூறுகிறது. இந்த ஒரு விதியையேனும் நம் செய்தியாளர்கள் அறிந்திருந்தால் அத்தலைப்புகளிற் பாதி வந்திருக்காது.

திருகோணமலையில் வாழும் எமக்கு இது தொலைதூரத்து விடயமன்று. சீனக்குடா விமானத்தளம் எங்கள் அன்றாடக் காட்சி. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதிய ஜப்பானியக் குண்டுவீச்சில் எண்ணெய்க் குதம் ஒன்று எரிந்ததைப் பற்றி இங்கே வீட்டுக்கு வீடு வெவ்வேறு கதை உண்டு. ஆவணங்களை ஒப்பிட்டுத் தமிழில் எழுதியவர்கள் மிகச் சிலரே. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபின் வடக்கு, கிழக்கு மக்களுக்கு இத்துறையோடு நேரடித் தொடர்பும் ஏற்பட்டுள்ளது.

எழுதுவதற்கு ஆட்கள் இல்லை என்று கூற முடியாது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழ்ப் பொறியியலாளர்களும், வெளிநாடுகளில் விமானப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ளவர்களும் கேட்டால் எழுதுவார்கள். விபத்து நேர்ந்த நாளில் எங்கே, எந்த விமானம், எத்தனை பேர், தகவல் தந்தவர் யார் என்பவற்றை மட்டும் தந்து, முதற்கட்ட அறிக்கையும் இறுதி அறிக்கையும் வெளிவரும்போது, விபத்தன்று கொடுத்த அதே முதற்பக்க இடத்தை அவற்றுக்கும் கொடுக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.