மேடைக்கு முன்னால் மீட்டர் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் நாளிதழின் வட்டாரப் பக்கத்தில் கேரள-தமிழக எல்லையில் இருக்கும் எங்கள் பகுதியிலிருந்து ஒரு படம் வந்திருந்தது. கல்யாண மண்டப மேடையில் பெரிய இரும்புச் சக்கரம், அதன் பக்கத்தில் மாலை போட்ட மோட்டார், பின்னால் இரண்டு மாநிலக் கட்சிக்காரர்களும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறார்கள். எரிபொருளே இல்லாமல் மின்சாரம் தரும் இயந்திரத்தை எல்லையோர இளைஞர் கண்டுபிடித்துவிட்டார் என்று செய்தி. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். படத்தில் வராத விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கொழிஞ்சாம்பாறையில் 30 வருஷத்துக்கு மேலாக மோட்டார் வைண்டிங் கடை நடத்துகிறேன். கேரளம் என்றால் எங்கு பார்த்தாலும் பச்சை என்று நினைப்பவர்கள் எங்கள் சித்தூர் தாலுகாவுக்கு ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். இது மழை மறைவுப் பிரதேசம். ஆழியாற்றுத் தண்ணீர் வந்தால் வயல், வராவிட்டால் போர்வெல்தான் கதி. நிலத்தடி நீர் இறங்க இறங்க, சப்மெர்சிபிள் மோட்டாரும் ஒவ்வொரு வருஷமும் இன்னும் ஆழத்துக்குப் போகிறது. லோ வோல்டேஜில் ஓட்டிக் காயில் கருகிய மோட்டார்கள்தான் என் கடை வாசலில் வரிசையாகக் கிடக்கும். கரண்ட் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாவிட்டால் தென்னை இல்லை என்று வாழ்கிற ஊரில் ஒருவன் வந்து ‘சும்மா கரண்ட் தருகிறேன்’ என்றால் கூட்டம் கூடத்தான் செய்யும். அந்தச் சனத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் மச்சினன் வேலந்தாவளம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். கோடையில் ஒரு மணி நேரம் ஃபேன் நின்றாலும் கோழி செத்துப்போகும். டீசல் ஜெனரேட்டருக்குக் கொட்டுகிற காசு அவனுக்குத் தாங்கவில்லை. அவன்தான் என்னை மண்டபத்துக்கு அழைத்துப் போனான். “மச்சான், நீங்க வந்து ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க” என்றான்.

மேடையில் இருந்தது 1 ஹெச்பி மோட்டார் ஒன்று. அது பெல்ட் வழியாக அந்தக் கனத்த சக்கரத்தைச் சுற்றியது. சக்கரம் இன்னொரு பெல்ட் வழியாக, கரண்ட் உண்டாக்கும் ஒரு ஆல்டர்னேட்டரைச் சுற்றியது. ஆல்டர்னேட்டரில் 100 வாட்ஸ் குண்டு பல்பு பத்து கட்டியிருந்தார்கள். சக்கரம் நல்ல வேகம் பிடித்ததும், மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் மோட்டாருக்குப் போகும் பிளக்கைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். பல்புகள் எரிந்துகொண்டே இருந்தன. மண்டபம் முழுக்கக் கைதட்டல், விசில். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் கும்பிட்டேவிட்டார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சத்தத்திலேயே காலத்தைக் கழித்தவனுக்கு வேகம் குறைவது காதில் கேட்டுவிடும். இருபதாவது விநாடியில் சக்கரத்தின் சுருதி இறங்க ஆரம்பித்தது. முப்பதில் பல்பு மஞ்சளானது. நாற்பதில் இழை சிவந்துவிட்டது. அதற்குள் ‘பாதுகாப்புக்காக’ என்று சொல்லிப் பிளக்கைத் திரும்பச் சொருகிவிட்டார்கள். 100 கிலோ சக்கரத்தை 1500 சுற்று வேகத்தில் ஓடவிட்டால் அந்தப் பத்து பல்பையும் முக்கால் நிமிஷம், போனால் ஒரு நிமிஷம் எரிக்கலாம். அது கிணற்றுத் தொட்டியில் நாமே இறைத்து நிரப்பிய தண்ணீர். தொட்டியில் தண்ணீர் தானாக ஊறுவதில்லை.

என் கடை மேசையில் எந்த ஐடிஐ பையனும் போட்டுப் பார்க்கும் கணக்கு இது. 1 ஹெச்பி என்பது 746 வாட்ஸ். நல்ல மோட்டாருக்கு 100 கொடுத்தால் தண்டில் 85 கிடைக்கும். நல்ல ஆல்டர்னேட்டர் அந்த 85-ல் 85 சதவீதம் தரும். ஆக 72. பெல்ட்டும் பேரிங்கும் தின்பது போக எழுபதுக்குக் கீழே. இதைத் திரும்ப மோட்டாருக்கே கொடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் தேய்ந்துகொண்டுதான் வரும். இந்த மெஷின் 10 கேவிஏ, அதாவது 10,000 வாட்ஸ் வரை தரும் என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தார்கள்.

நான் எழுந்து, கையில் இருந்த, கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரைக் காட்டி, “உள்ளே போற ஒயர்ல ஒரு தடவை, வெளியே வர்ற ஒயர்ல ஒரு தடவை வெச்சுப் பாத்துக்கறேனுங்க, அஞ்சு நிமிஷ வேலை” என்றேன். மெஷினைப் பிரிக்கக் கேட்கவில்லை, மூடியைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை. டாங் டெஸ்டரை ஒயரைச் சுற்றிக் கவ்வவிட்டால் போதும். மேடையில் இருந்தவர் பேட்டன்ட் ரகசியம் போய்விடும் என்றார். முன் வரிசையில் இருந்த ஒரு தலைவர் எழுந்து, “ஏனுங்க, நம்ம பக்கத்துத் தமிழ்ப் பையன் ஒருத்தன் மேல வர்றது உங்களுக்குப் பொறுக்கலையா?” என்று கேட்டார். அதற்கும் கைதட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அன்று உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது இன்று வரை என் மனதை அறுக்கிறது. அன்றைக்கே மச்சினன் ‘டீலர்ஷிப் அட்வான்ஸ்’ என்று 50,000 ரூபாய் கட்டிவிட்டான். மெஷினும் வரவில்லை, பணமும் வரவில்லை. பணம் வாங்கியவர்கள் இப்போது போன் எடுப்பதில்லை.

அந்த ‘ரகசியம்’ என்ற வார்த்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேட்டன்ட் என்பதே ரகசியத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சில காலம் தனி உரிமை வாங்குவது. போதாததற்கு, நம் நாட்டு 1970-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டம் 3(அ) பிரிவிலேயே, நிலைபெற்ற இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணான எதையும் கண்டுபிடிப்பாக ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. போட்டதற்கு மேல் தருகிற மெஷினுக்குப் பேட்டன்ட் கேட்டு நிற்பவர் அந்தப் பிரிவைத் தாண்ட வேண்டும்.

தமிழன் கண்டுபிடிப்பை அமுக்குகிறார்கள் என்ற பேச்சு எங்களுக்குப் புதிதல்ல. 1996-இல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து மூலிகை பெட்ரோல் செய்தி வந்தபோது என் கடையில் பேப்பரைச் சத்தமாக வாசித்தோம். நானும் நம்பினேன். டெல்லி அறிவியல் துறை வரைக்கும் போயிற்று. பிறகு விஞ்ஞானிகள் எதிரில் நடந்த சோதனையில் தேறவில்லை. அதோடு முடிந்திருக்க வேண்டியது, ஆனால் நாலு வருஷத்துக்குள் அதே பெயரில் எரிபொருள் விற்பனைக்கே வந்துவிட்டது. பெட்ரோலியப் பொருள்களைக் கலந்து விற்றதாக சிபிஐ தொடுத்த வழக்கில், மூலிகை பெட்ரோலைக் கண்டுபிடித்ததாகச் சொன்ன ராமர் பிள்ளைக்கு 2016-இல் சென்னை நீதிமன்றம் மூன்று ஆண்டு தண்டனை கொடுத்தது. இருபது வருஷம்! அந்த இருபது வருஷமும் எண்ணெய்க் கம்பெனிக்காரன் சதி என்று பேசியவர்கள் எத்தனை பேர்! இன்றும் வாட்ஸ்அப்பில் அந்தச் சேதி மாசத்துக்கு ஒரு முறை எனக்கு வருகிறது. சோதனையில் தேறவில்லை என்ற செய்திக்கு, முதலில் போட்ட செய்திக்குக் கொடுத்த அளவு இடம் கிடைத்திருந்தால் இத்தனை காலம் இழுத்திருக்காது என்பது என் எண்ணம். நாளிதழ்களுக்கும் இதில் பங்கு உண்டு ஐயா. மனம் வருந்தித்தான் சொல்கிறேன்.

உண்மையிலேயே கவனிக்காமல் விடப்பட்ட ஒன்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். திருவனந்தபுரம் பக்கம் விழிஞ்சம் மீன்பிடித் துறைமுகத்தில் சென்னை ஐஐடி-காரர்கள் 1991-இல் கடலலையில் மின்சாரம் எடுக்கும் நிலையத்தை ஓட்டிக் காட்டினார்கள். 150 கிலோவாட். உலகத்தில் அப்போது அப்படிப்பட்டவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களோடு கோவளம் போனபோது அலைத் தடுப்புச் சுவரில் நின்று அதைப் பார்த்தேன். கடலுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு கான்கிரீட் அறை. அலை உள்ளே ஏறும்போது காற்றை மேலே தள்ளும், இறங்கும்போது காற்றை உள்ளிழுக்கும். அந்தக் காற்று போகும்போதும் சுற்றும், வரும்போதும் சுற்றும் வெல்ஸ் டர்பைன் ஒன்று மேலே. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அது ஒரே திசையில்தான் சுழலும். மாடு மூச்சு விடுவது போல ஒரு சத்தம், அலைக்கு அலை. எலக்ட்ரீசியன் படித்துவிட்டு வந்த எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

அதில் கஷ்டம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு அலைக்கும் கரண்ட் ஏறி இறங்கும், உப்புக் காற்று இரும்பைத் தின்னும், மழைக்காலத்தில் கிடைப்பது மற்ற மாதங்களில் கிடைக்காது. இத்தனையும் அவர்கள் மூடி மறைக்காமல் அளந்து எழுதி வைத்தார்கள். பின்னால் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் அதே அலைச் சக்தியை வைத்து கடல்நீரைக் குடிநீராக்கியும் பார்த்தது. இன்று அந்த நிலையம் ஓடவில்லை. அதே விழிஞ்சத்தில் 2025-இல் பெரிய கப்பல் துறைமுகத்தைப் பிரதமரே வந்து திறந்து வைத்தார். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த அலை நிலையத்தை அடுத்த படிக்குக் கொண்டு போங்கள் என்று எந்தக் கட்சி மேடையிலாவது ஒருவர் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. 150 கிலோவாட் என்று உண்மையைச் சொன்னால் கூட்டம் கைதட்டாது. செலவில்லாமல் எல்லாருக்கும் எல்லாமும் என்று சொல்பவனுக்குத்தான் மேடை. எங்கள் மண்டபத்தில் நடந்ததும் அதுதான். தலைவர்கள் அறியாமையால் வந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. தேர்தல் நெருங்கும் நேரத்தில் ஒரு பைசா பட்ஜெட் இல்லாமல் கிடைக்கிற சாதனை அது. பொய் என்று தெரிய வரும்போது அவர்கள் வேறு மேடையில் இருப்பார்கள்.

எங்கள் கஞ்சிக்கோட்டில் 1995-இல் மின்வாரியம் ஒன்பது காற்றாலைகளை நட்டது, ஒவ்வொன்றும் 225 கிலோவாட். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி வைத்தவை. காற்றாடி சுற்றினால் மேகம் கலைந்து மழை போய்விடும் என்று உடுமலைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அன்று சத்தியம் செய்தார்கள். உண்மையான மெஷினைச் சந்தேகப்படுகிறோம், பொய்யான மெஷினுக்கு மாலை போடுகிறோம்.

புதியது எதையும் பக்கத்தில் சேர்க்காதே என்று நான் சொல்லவில்லை. 1989 மார்ச் 23-ஆம் தேதி அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் இருவர், சூரியனுக்குள் நடக்கும் அணுப்பிணைவு சாதாரண அறை வெப்பத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் நடந்துவிட்டது என்று பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார்கள். மற்ற விஞ்ஞானிகள் சரிபார்ப்பதற்கு முன்பே மேடை போட்டார்கள். அப்போது நம் டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர் பி.கே. ஐயங்கார், திருவனந்தபுரத்தில் பிறந்தவர். அவர் அதைக் கேலி செய்து ஒதுக்கவில்லை. மையத்திலேயே பல குழுக்களைத் தனித்தனியே செய்து பார்க்கச் சொன்னார். தங்களுக்கு என்ன தெரிந்தது என்பதை அவர்கள் அறிக்கையாகவும் எழுதினார்கள். உலகத்தின் மற்ற ஆய்வுக்கூடங்களில் வேண்டும்போது திரும்பச் செய்ய முடியாததால் அந்த வேலை பின்னால் ஓய்ந்தது. 2019-இல் கூகுள் பணம் போட்டு நடத்திய ஆய்வும் அப்படி ஒன்று நடந்ததற்கு அடையாளம் இல்லை என்றே நேச்சர் இதழில் எழுதியது. கிடைக்கவில்லை என்பதையும் அச்சில் போட்டார்கள் பாருங்கள், அந்த நாணயத்தைத்தான் எங்கள் மண்டபத்திலும் நான் எதிர்பார்த்தேன்.

அதனால் கேட்கிறேன். பொறியியல் கல்லூரிகள் பாலக்காட்டிலும் உண்டு, கோவையில் தெருவுக்கு ஒன்று. ஆய்வுக்கூடமும் மீட்டரும் அங்கே சும்மா இருக்கின்றன. இப்படி ஒரு மெஷின் கொண்டு வருபவர் யாராக இருந்தாலும், 24 மணி நேரம் லோடு போட்டு, உள்ளே போகும் யூனிட்டையும் வெளியே வரும் யூனிட்டையும் சீல் வைத்த மீட்டரில் அளந்து, தேறினாலும் தேறாவிட்டாலும் அந்தக் காகிதத்தைப் பஞ்சாயத்து நோட்டீஸ் பலகையில் ஒட்ட வேண்டும். 24 மணி நேரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மெஷினுக்குள் ஒளித்து வைக்கிற அளவு பேட்டரி ஒரு நாள் முழுக்க 10 கேவிஏ தாங்காது. அந்தக் காகிதம் இல்லாத மேடையில் எம்எல்ஏ, பஞ்சாயத்துத் தலைவர் யாரும் ஏறக் கூடாது. அது இல்லாத செய்தியை உங்கள் நாளிதழும் படத்தோடு போட வேண்டாம். அந்தப் பையனுக்கும் இது நல்லதுதான். அவனுக்கு உண்மையிலேயே கைத்திறன் இருக்கிறது, சக்கரத்தை அவன் பேலன்ஸ் செய்திருந்த விதத்தில் ஒரு ஆட்டம் இல்லை. யாராவது கூப்பிட்டு ஒழுங்காக வேலை கொடுத்தால் நல்ல மெக்கானிக்காக வருவான்.

மச்சினனிடம் கொடுத்த ரசீதின் நகலை, பெயர்களை மறைத்து, இத்துடன் வைத்திருக்கிறேன். இதே அச்சு ரசீது நல்லேப்பிள்ளியிலும் கோபாலபுரத்திலும் இருப்பதாகக் கேள்வி. இப்போது கோவிந்தாபுரத்தில் அடுத்த செயல்விளக்கக் கூட்டம் என்று சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு. உங்கள் நிருபரை அனுப்புங்கள். டாங் டெஸ்டர் நான் கொண்டு வருகிறேன். இந்த முறை உட்கார மாட்டேன்.

இப்படிக்கு,
மோட்டார் வைண்டிங் தொழிலாளி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்